மாதிரி பிராக்கெட்டின் மகிமை

கார் ஓடுவதற்கு எஞ்சின் வேண்டும், பெட்ரோல் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவிகளில் ஷாகுல் ஹமீதும் ஒருவன். நாற்பது வயது வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தான். காருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக வேண்டியது, முன்னால் நம்பர் பிளேட்டைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு சாண் இரும்பு என்பதை அவனுக்குப் புரியவைப்பதற்காகவே அரசாங்கம் தண்டையார்பேட்டையில் ஒரு அலுவலகம் வைத்திருந்தது.

அதன் பெயர் 'முன்புற எண்தகட்டுத் தாங்கி ஒப்பீட்டு அலுவலகம்'. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில் அதை ஆரம்பித்தார்கள். எந்தக் கார் எந்தத் திசையில் ஓடியது என்று பிற்பாடு விசாரிப்பதற்கு வசதியாக, எல்லாக் கார்களிலும் முன்தகடு ஒரே மாதிரி நிற்கவேண்டும் என்று யாரோ ஒரு துரைக்குத் தோன்றியிருக்கிறது. ஜப்பான்காரன் போய்விட்டான். துரையும் போய்விட்டார். அலுவலகம் மட்டும் போகவில்லை. யுத்தம் முடிந்த செய்தியை அவர்களுக்கு எழுத்து மூலமாக யாரும் தெரிவிக்கவில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

ராயபுரத்தில் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, சோப்பு, கயிறு சப்ளை செய்கிற வரதன் ஒரு கார் வாங்கினதிலிருந்து வினை தொடங்கியது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு கப்பல் கம்பெனித் துரையிடமிருந்து வாங்கினார். எம்.ஜி. என்று பெயர். இரண்டே பேர் உட்காரலாம். மேலே மடக்குத் துணி, சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பிகள், மூக்கு மட்டும் முழ நீளம். சிவப்பு நிறம். வரதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருந்தாலும் தினமும் காலையில் குளித்துவிட்டு கிடங்குக்கு வந்து, அதில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் ஷாகுலை உட்காரவைத்து ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்பார். அதன்பிறகுதான் கணக்குப்பிள்ளையைத் திட்டுவதற்கு அவருக்குத் தெம்பு வரும்.

ஷாகுலுக்கு அந்த டிரைவர் வேலை அல்லா கொடுத்தது. அதற்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் ஒரு சரக்கு மூட்டை சரிந்து வலது தோள் முறிந்தது. வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. லாரி ஸ்டீரிங்கைத் திருப்ப அந்தக் கையால் ஆகாது. எந்த லாரி முதலாளியும் வாசலில்கூட நிற்க விடவில்லை. இந்த எம்.ஜி.யின் ஸ்டீரிங்கோ சும்மா இரண்டு விரலால் திரும்பியது. பட்டணத்தில் தன்னால் ஓட்டக்கூடிய வண்டி இது ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். ராத்திரி வீட்டில் மனைவி ரஹீமுன்னிசாவிடம் வண்டியைப் பற்றியே பேசினான். அவள் பொறாமைப்படுகிற அளவுக்குப் பேசினான்.

வண்டியில் ஒரே ஒரு குறை. துரை அதை வருஷக்கணக்கில் கடற்கரை ஓரமாகவே நிறுத்தியிருந்தார். ராயபுரத்து உப்புக்காற்று நம்பர் பிளேட்டைத் தாங்குகிற முன்பக்கத்து பிராக்கெட்டைத் தின்று தீர்த்துவிட்டது. ரேடியேட்டருக்குக் கீழே, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்களுக்கு நடுவே, இரண்டு போல்ட்டுகள் மட்டும் அனாதையாக நின்றன. பிராக்கெட் இல்லாமல் தகடு இல்லை. ஒப்பீட்டு அலுவலகத்தின் சர்டிபிகேட் இல்லாமல் வரதன் பெயருக்கு வண்டி மாறாது. மாறாமல் ரோட்டில் இறக்கினால் போலீஸ் பிடிக்கும்.

"ஆயுத பூஜைக்கு வண்டி பூஜை போட்டுகினு கல்மண்டபத்தைச் சுத்தி வரணும், ஷாகுலு" என்றார் வரதன். "ஊரெல்லாம் சொல்லிட்டேன். அன்னிக்கும் கெடங்குலயே நின்னுகினு இருந்துச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். அப்பால டிரைவர் எனக்கு எதுக்கு? நீயே சொல்லு."

 

இந்த அலுவலகத்தின் அதிகாரம் பட்டணத்தின் வடபகுதியோடு சரி. அங்கே கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் இந்த அலுவலகத்தின் வாசனை தெரிந்தவுடனே விலாசத்தை மயிலாப்பூருக்கு மாற்றிக்கொண்டுவிடுவார்கள். வரதனிடம் அதைச் சொல்லிப் பார்த்தான். "நான் ராயபுரத்தான். காருக்கோசரம் மயிலாப்பூர்காரனா ஆவணுமா?" என்று கேட்டார். மானஸ்தர். அந்த மானத்தைச் சுமந்துகொண்டு நடக்கவேண்டியவன் ஷாகுல்தானே.

கல்மண்டபத்துக் கொல்லரிடம் ஒரு பிராக்கெட் அடித்து எடுத்துக்கொண்டு முதல்முறை அலுவலகத்துக்குப் போனான். வாசலில் பியூன் எத்திராஜ் தடுத்தான்.

"செருப்ப கயட்டிட்டு வா, பாய்."

"உள்ள சாமி கீதா?"

"மாதிரி கீது" என்றான் எத்திராஜ், குரலைத் தாழ்த்தி.

உள்ளே, நடு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணிமேல் அது இருந்தது. யுத்த காலத்தில் சீமையிலிருந்து வரவழைத்த மாதிரி பிராக்கெட். மற்ற பிராக்கெட்டுகள் எல்லாம் அதற்குச் சரியாக இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம். முதல் ஆயுத பூஜையன்று, மற்ற அலுவலகங்களில் டைப்ரைட்டருக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் சந்தனம் வைத்ததுபோல, இங்கே மாதிரிக்கு வைத்தார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வைத்தார்கள். குமாஸ்தாக்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் முன்னால் வந்து ஆளுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வைத்ததை யாரும் துடைக்கவில்லை. மாதிரியைத் துடைப்பதற்கு விதியில் இடமில்லை, வைக்கக்கூடாது என்றும் விதியில்லை. இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் ஏறி, ஒரு சாண் இரும்பாக வந்தது இப்போது நன்றாகத் தின்று தூங்குகிற ஒரு பூனை அளவுக்குப் பருத்திருந்தது.

சூப்பரிண்டெண்ட் கோதண்டபாணி கொல்லர் அடித்த பிராக்கெட்டைக் கையில் வாங்கவே இல்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"கம்பெனி முத்திரை எங்கே?"

"முத்திரை இல்லீங்க. கொல்லரு அடிச்சது."

"கொல்லர் அடித்ததை மாட்டினால் அது கொல்லரின் கார் ஆகிவிடாதா? உங்கள் முதலாளிக்கு அது சம்மதமா?" என்றார். இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஷாகுல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த ஆள் என்று யாரும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டார். அது நடைமுறை.

ஆக, கம்பெனி பிராக்கெட் வேண்டும். ஷாகுல் மூர் மார்க்கெட்டில் தேடினான். அங்கே எம்.ஜி.யின் கதவுப் பிடி கிடைத்தது, ஒற்றை ஹெட்லைட் கிடைத்தது, எவனோ ஒரு துரையின் பொய்ப்பல் செட்டுகூடக் கிடைத்தது. பிராக்கெட் மட்டும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் தேடினான். "மாமு, காரே வேணும்னா கொண்டாரேன், பிராக்கெட்டு மட்டும் கேக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சீமைக்கு எழுதிப்போட்டால் வந்து சேர்வதற்குள் இரண்டு ஆயுத பூஜை போய்விடும்.

கடைசியில் அது காசிமேட்டில் இருந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்த இன்னொரு துரையின் எம்.ஜி. ஒன்று மரத்தில் மோதி நொறுங்கியதில் கழன்று விழுந்ததை, மீன் விற்கிற வியாகுலம்மாள் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் தராசை அதில் தொங்கவிட்டிருந்தாள். ஷாகுல் அதைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டான். வளைவு அதே வளைவு. துளைகள் அதே இடத்தில். ஓரத்தில் கம்பெனி முத்திரை, மீன் செதிலுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது.

"யக்கா, இந்த இரும்ப குடுத்தீன்னா உனக்குப் புதுசா ஒரு கொக்கி இட்டாந்து தரேன்."

"புது கொக்கியா? அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றாள் வியாகுலம்மாள். "பாய், உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. இது ஒரு பக்கமா ரவ கோணிகினு கீது பாரு. அதனால தட்டு என் பக்கம் ஒதுங்கி நிக்கும். இத்தினி வருசமா என் வூட்டு அடுப்பு எரியறதே இந்தக் கோணல்லதான். நீ நேரான கொக்கி குடுத்தீன்னா நான் யோக்கியமா ஆயிருவேன். அப்பால என் பசங்களுக்கு யாரு சோறு போடுவா?"

நியாயமான கேள்வி. ஷாகுல் கொல்லர் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பழைய ஸ்பிரிங் பட்டையைச் சூடுபோட்டு வளைத்தான். வியாகுலம்மாள் அதில் தராசைத் தொங்கவிட்டுப் பார்த்து, "இன்னும் ரவ கோணு" என்றாள். மறுபடி வளைத்தான். "அதிகமா பூட்ச்சி. ஜனம் கண்டுபுடிச்சுரும். அவ்ளோ பாவம் நமக்கு வேணாம்" என்றாள். மறுபடி நிமிர்த்தினான். இப்படி அவள் மனச்சாட்சிக்குச் சரியான கோணல் கிடைக்கிறவரைக்கும் வளைத்தும் நிமிர்த்தியும், முறிந்த தோள் வீங்கிப்போய், பிராக்கெட்டை வாங்கிக்கொண்டான். இந்த உலகத்தில் அளவு விஷயத்தில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்த ஒரே ஆள் வியாகுலம்மாள்தான் என்பது அவனுக்குப் பிற்பாடு தோன்றியது.

பிராக்கெட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தான். துருவைச் சுரண்டினான். கருப்பு வண்ணம் அடித்தான். கிடங்கில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அந்த இரண்டு போல்ட்டுகளிலும் வைத்துப் பார்த்தான். ஒரு நூல்கூட விலகாமல் போய் உட்கார்ந்தது. நட்டை முடுக்கியதும் வண்டியின் முகத்துக்கே ஒரு களை வந்துவிட்டது. அன்று அவன் இரண்டு தரம் வீட்டுக்குப் போய், இரண்டு தரமும் அதே செய்தியை ரஹீமுன்னிசாவிடம் சொன்னான்.

மறுபடி கழற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். எத்திராஜ் அதை வாங்கி, பருமன் அளக்கிற பித்தளைக் காலிப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதலில் மாதிரியை அளந்தான். பிறகு ஷாகுலின் பிராக்கெட்டை அளந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"சன்னம்."

கோதண்டபாணி, "சன்னம், ஆகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ரெண்டும் ஒரே கம்பெனி சரக்கு சார். ஒரே அச்சு. அதும்மேல சந்தனம் ஏறிகினு கீது, அதான் தடியா தெரியுது" என்றான் ஷாகுல்.

 குமாஸ்தாக்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். கோதண்டபாணி மெதுவாக எழுந்து நின்றார்.

"சந்தனம் என்று யார் சொன்னது? இந்த அலுவலகத்தில் சந்தனம் என்று ஒரு பொருளை வாங்கியதாகக் கணக்கே கிடையாது. கணக்கில் இல்லாத ஒரு பொருள் மாதிரியின்மேல் எப்படி இருக்க முடியும்? நான் இங்கே வந்தபோது மாதிரி எந்தப் பருமனில் இருந்ததோ, அந்தப் பருமனில்தான் அதை எனக்கு ஒப்படைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் அப்படியே. அதற்குப் பிறகு அது வளர்ந்திருந்தால், அது மாதிரியின் வளர்ச்சி. இந்தத் தேசமே வளர்ந்துகொண்டிருக்கிறது, மாதிரி மட்டும் வளரக்கூடாதா? ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு பிராக்கெட்கூட இங்கே தவறாகப் பாஸானதில்லை. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு."

"சரியா எதுனா பாஸாச்சுங்களா சார்?" என்று கேட்டான் ஷாகுல். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"பாஸாக்கினால்தானே தவறு வரும்?" என்றார் கோதண்டபாணி.

வெளியே வந்ததும் எத்திராஜ் பின்னாலேயே வந்தான். அவன் கெட்டவன் இல்லை. "பேஜாரா பூட்ச்சா, பாய்? அளவு நெருக்கி வந்துகினு கீது. ரவ தடியாக்கி இட்டா. வியாயக்கிழமைக்குள்ள வா. வெள்ளிக்கெழம நான் பூசிருவேன், அப்பால அளவு மாறிடும்" என்றான்.

ஷாகுல் பிராக்கெட்டுக்கு மேலும் கீழும் பட்டை வைத்து ஈயம் பூசித் தடியாக்கிக் கொண்டுபோனான். அந்த வாரம் ஒரு குமாஸ்தாவின் மைத்துனிக்குப் பிரசவம். மூன்று பொட்டு கூடுதலாக விழுந்திருந்தது. "சன்னம்" என்றான் எத்திராஜ், நிஜமாகவே வருத்தத்தோடு.

இதற்குமேல் இரும்பால் ஆகாது என்று ஷாகுலுக்குப் புரிந்தது. பட்டைகளைக் கழற்றி எறிந்தான். கடைத்தெருவில் சந்தனக் கட்டை வாங்கினான். அரைத்துத் தரச் சொன்னபோது ரஹீமுன்னிசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒடம்பு சரியாத்தான கீது?"

"பிராக்கெட்டுக்குப் பூசணும்."

"பிராக்கெட்டுக்கா?"

"அங்க பூசினு கீறாங்க. அதே மாதிரி பூசினாத்தான் வேல நிக்கும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கை நோக அரைத்துக் கொடுத்தாள். ஷாகுல் ஒரு பூச்சு பூசி, காயவைத்து, அடுத்த பூச்சு பூசி, நடுவில் மஞ்சள் வைத்து, மேலே குங்குமம் வைத்து, எத்திராஜின் பத்து வருஷ வேலையை ஒரு வாரத்தில் முடித்தான். வியாழக்கிழமை போனான். எத்திராஜ் காலிப்பரை வைத்தான். மறுபடி வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வைத்தான்.

"சார், ஒத்துகிச்சு சார்" என்றான்.  இத்தனை வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

கோதண்டபாணி வந்தார். இரண்டையும் பார்த்தார். ஷாகுலின் பிராக்கெட்டை நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தார்.

"இது என்ன?"

"சந்தனம் சார்."

"அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த சாமானில் அந்நியப் பொருள் பூசியிருக்கிறாய். இது மோசடி. எங்கள் மாதிரியில் இருப்பது மாதிரியின் பாகம். உன்னுடையதில் இருப்பது பூச்சு. இந்த வித்தியாசம் தெரியாதவனெல்லாம் கார் ஓட்டினால் ஜனங்கள் எப்படி ரோட்டில் நடப்பது? போய்க் கழுவு. என் கண் முன்னாலேயே கழுவு."

அலுவலகத்துக் கொல்லைக் குழாயில் ஷாகுல் கழுவினான். ரஹீமுன்னிசா அரைத்த சந்தனம் கரைந்து சாக்கடையில் போயிற்று. சாக்கடை வாசனையாக இருந்தது. கையில் கருப்பாக, சுத்தமாக, சன்னமாக பிராக்கெட் மிஞ்சியது. அவனுக்கு அதைக் கொண்டுபோய் எவன் மண்டையிலாவது போடவேண்டும்போல் இருந்தது. போடவில்லை, ஏனென்றால் வேலை வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிராக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைசித் தடவையாகப் போனான். கெஞ்சிப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான். மறுநாள் விடுமுறையாதலால் அலுவலகத்தில் அன்றைக்கே பூஜை. மாவிலைத் தோரணம், வாழைக்கன்று, பொரி, கடலை, காலிப்பருக்குக்கூட ஒரு முழம் பூ. கோதண்டபாணி அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நின்றார். எத்திராஜ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மாதிரியை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினான். புதிதாகக் குழைத்த சந்தனம் அவன் விரல்களில் வழுக்கியது.

மாதிரி தரையில் விழுந்தது.

இரும்பு விழுந்தால் வருகிற சத்தம் வரவில்லை. சட்டி உடைந்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. சந்தன ஓடு பிளந்து நாலாப் பக்கமும் சிதறியது. நடுவில் ஒரு கை துருப்பொடி கிடந்தது. தண்டையார்பேட்டைக் கடல் காற்றும், வெள்ளிக்கிழமை தவறாத ஈரச் சந்தனமும் சேர்ந்து உள்ளே இருந்த இரும்பை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. இத்தனை வருஷமாக எல்லா பிராக்கெட்டையும் சன்னம் என்று சொல்லிவந்தது வெறும் மேலோடு.

எத்திராஜ் தரையில் குந்தி அழுதான். குமாஸ்தாக்கள் சுவரைப் பார்த்தார்கள். சட்டப்படி மாதிரி இல்லாவிட்டால் ஒப்பீடு இல்லை. ஒப்பீடு இல்லாவிட்டால் அலுவலகம் இல்லை. கோதண்டபாணியின் முகத்தில் அப்போது தெரிந்த பயம் ஷாகுலுக்கு நன்றாகப் பழக்கமான பயம். அவன் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பது. ஒரு நிமிஷம் அந்த மனிதர்மேல் அவனுக்கு இரக்கம்கூட வந்தது.

அப்புறம் கோதண்டபாணியின் பார்வை மெதுவாக அவன் கைக்கு வந்தது.

"அது கம்பெனி சரக்கு என்றாயே?"

"ஆமா சார். முத்திரை கீது, பாருங்க."

"ஒரே அச்சு என்றாயே?"

"மெய்யாலுமே ஒரே அச்சு சார்."

கோதண்டபாணி அதை வாங்கினார். முதல்முறையாக, கையால் வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது.

"மாதிரி அழிவதில்லை" என்றார் எல்லாரையும் பார்த்து. "அதன் இரும்பு போகலாம், வரலாம். இதோ இந்த பிராக்கெட் மாதிரிக்கு எல்லா விதத்திலும் சமம் என்று நான் தீர்மானிக்கிறேன். நீளம், அகலம், பருமன், முத்திரை, எல்லாம். இந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே முதல்முதலாகப் பாஸாகிற பிராக்கெட் இது. ஷாகுல் ஹமீது, உனக்கு என் பாராட்டுகள்."

"பாஸா சார்?"

"நூற்றுக்கு நூறு."

ஷாகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்திராஜ் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். யாரோ அவன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். கோதண்டபாணி அங்கேயே சர்டிபிகேட் எழுதி, முத்திரை குத்தி, அவன் கையில் கொடுத்தார். பிராக்கெட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணிமேல் வைத்தார். எத்திராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மீதமிருந்த சந்தனத்தை எடுத்து, கனமாக ஒரு பூச்சுப் பூசினான்.

"சார், அத்த குடுங்க சார். வண்டில மாட்டணும்."

"மாதிரியையா?" என்றார் கோதண்டபாணி. அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "மாதிரியை வெளியே எடுத்துப்போக எந்த விதியும் இல்லை."

"அப்ப என் வண்டிக்கு?"

"அந்த சர்டிபிகேட் இந்த பிராக்கெட்டுக்கு மட்டும்தான். உன் வண்டிக்கு வேறு ஒரு பிராக்கெட் கொண்டுவா. அளந்து பார்க்கலாம். ஏன் கவலைப்படுகிறாய்? இப்போது இருப்பது உனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரிதானே." பிறகு எத்திராஜைப் பார்த்து, "பாய்க்குப் பொரி கடலை கொடு" என்றார்.

வரதன் சர்டிபிகேட்டை இரண்டு முறை படித்தார். "பாஸுன்னு போட்டுக்கீது" என்றார். "பிராக்கெட்டு எங்க?" என்றார். ஷாகுல் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே தான் பொய் சொல்வதுபோல் தோன்றியது. வரதன் அவன் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார்.  

பூஜை கழிந்த மறுநாள் வண்டியை டோல்கேட்டுக்கு அப்பால் இருந்த ஜாபரின் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. எஞ்சின் ஓடும் நிலையில்தான் இருந்தது. ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்பதால் ஒரு மாட்டு வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டினார்கள். ஸ்டீரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வரதனுக்குத் தெரியாது, வண்டிக்காரனுக்கும் தெரியாது. ஷாகுல் ஏறி உட்கார்ந்தான்.

கிடங்கை விட்டு அந்தக் கார் அவன் கையில் ரோட்டில் இறங்கியது அதுதான் முதல்முறை. கல்மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். கடைவாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வெயிலில் சிவப்பு பளபளத்தது. ஒப்பீட்டு அலுவலகத்தைத் தாண்டும்போது தாழ்வாரத்தில் நின்ற கோதண்டபாணி தகடு இல்லாத முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு கயிற்றைக் கவனித்தார். கட்டி இழுத்துப்போகிற வண்டி சரக்குதான், வாகனம் இல்லை. அவர் முகம் தெளிந்து, தலையை லேசாக அசைத்தார்.

டோல்கேட்டில் கான்ஸ்டபிள் கையைக் காட்டினான்.

"இன்னாயா சாமான்?"

"பழைய இரும்பு சார்" என்றான் வண்டிக்காரன்.

கான்ஸ்டபிள் எதிரே வந்த இரண்டு லாரிகளை நிறுத்தி, "போ, போ" என்று வழிவிட்டான். லாரிக்காரர்களில் ஒருவன் ஷாகுலோடு முன்பு வேலை பார்த்தவன். அவன் ஹாரனை அடித்து, சிரித்து, கையை ஆட்டினான். ஷாகுல் அழுதுகொண்டிருந்தான். திருப்பத்தில் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்கவேண்டியிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.